மாந்தளிர் வண்ணச் சுவர்

அமெரிக்காவின் பான்டோன் நிறுவனம் 2000ஆம் ஆண்டு தொடங்கி ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு நிறத்தை ‘ஆண்டின் நிறம்’ என்று அறிவித்து வருகிறது. 2024ஆம் ஆண்டுக்கு அது தேர்ந்தெடுத்தது ‘பீச் ஃபஸ்’. பீச் பழத்தின் தோல்மேல் படர்ந்திருக்கும் மெல்லிய பூமயிரின் நிறம் என்று விரித்துக்கொள்ளலாம். இவ்வறிவிப்பு 2023 டிசம்பரில் வெளியானபோது நாளிதழ்களின் வீட்டு அலங்காரப் பக்கங்கள் அதைக் கொண்டாடின. படுக்கையறைக்கு உகந்தது, மனத்துக்கு வெதுவெதுப்பைத் தருவது, புதுமையானது என்றெல்லாம் எழுதினார்கள்.

முதலிரண்டு கூற்றுகளோடும் எனக்குப் பிணக்கில்லை. மூன்றாவதுதான் உறுத்துகிறது.

பீச் பழம் சீனத்தில் தோன்றிப் பாரசீகத்தின் வழியே மேற்கே சென்று, பாரசீகத்தின் பெயரையே தாவரவியற் பெயரில் சுமந்து நிற்பது. தமிழகத்தில் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் விளைகிறது. அகராதிகள் ‘குழிப்பேரி’ என்கின்றன. அச்சொல்லைச் சொல்லி எந்தக் கடையிலும் பழம் வாங்கிவிட முடியாது. கடலூர்ப் பக்கம் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் அப்பழத்தைக் கையில் ஏந்திப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பண்ருட்டிச் சாலையோரம் கோடையில் உதிர்ந்து கிடக்கும் முந்திரிப்பழத்தைப் பார்த்திருப்பார்கள். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு நிறம் அதன் தோலில் உண்டு. ஆனால் சாயக்கடையின் வண்ண அட்டையில் முந்திரிப்பழத்துக்கு இடமில்லை. பார்த்தறியாத பழத்தின் பெயரால் நம் வீட்டுச் சுவரைச் சுட்டப் பழகிவிட்டோம். பெயர் வெளியிலிருந்து வந்தது. நிறம் இங்கேயே இருந்தது என்பதே நான் சொல்ல வருவது.

முதலில் மண்ணைப் பார்க்கலாம். நிலவியலார் ‘கடலூர் மணற்கல்’ என்று இவ்வூரின் பெயராலேயே ஒரு பாறைத் தொகுதியை அழைக்கிறார்கள். கடலூருக்கு மேற்கே கேப்பர் மலையின் செம்மண் மேடுகளில் அதைக் காணலாம். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியை எட்டுவதற்கு முன் வெட்டியகற்றும் மேலடுக்குகளிலும் அது உண்டு. இரும்புச் சத்து ஏறிய இம்மணற்கல் ஓரிடத்தில் அடர்சிவப்பு, ஓரிடத்தில் மஞ்சள், ஓரிடத்தில் வெளிறிய இளஞ்சிவப்பு எனத் திட்டுத் திட்டாக நிறம் மாறும். இரும்பு ஆக்சிஜனோடு மட்டும் சேர்ந்திருந்தால் செங்காவி. அதனோடு நீரும் பிணைந்திருந்தால் மஞ்சட்காவி. மஞ்சட்காவியைச் சட்டியிலிட்டு வறுத்தால் நீர் வெளியேறிச் செங்காவியாகிவிடும். கோலத்துக்குச் செம்மண் கரை கட்டிய பெண்களும் கோயில் மதிலில் வெள்ளையும் காவியுமாகப் பட்டை தீட்டியவர்களும் கையாண்டது இந்த இரும்புத் துருவைத்தான்.

இனிச் சுண்ணாம்பு. கடலோர ஊர்களில் கல்லைவிடக் கிளிஞ்சலே கைக்கெட்டிய மூலப்பொருள். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறும் கடலூர் முதுநகரில் உப்பனாறும் கடலைத் தொடுமிடங்களில் சிப்பிக்குப் பஞ்சமில்லை. கிளிஞ்சலைக் காளவாயிலிட்டு ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டால் கரிவளி நீங்கி நீற்றாத சுண்ணாம்பு மிஞ்சுகிறது. அதில் நீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீறுகிறது. நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால் காற்றிலுள்ள கரிவளியை மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாகிறது. கிளிஞ்சல் தன் பழைய இயல்புக்கே திரும்பிவிடுகிறது எனலாம். ஐரோப்பியர் ‘சுண்ணாம்பு’ என்ற தமிழ்ச்சொல்லைச் ‘சுனாம்’ ஆக்கிக்கொண்டு, சென்னைப் பட்டினத்து வீடுகளின் மெருகேற்றிய சுவர்களைப் பளிங்கென்று வியந்து எழுதியது இக்கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குறித்தே.

இவ்விரண்டையும் கலப்பதில்தான் நம் நிறம் பிறக்கிறது. சுண்ணாம்புப் பாலை வேட்டித் துணியில் வடிகட்டி, சிறிது பசையோ கஞ்சியோ சேர்த்து, அதில் மஞ்சட்காவியைக் கூடுதலாகவும் செங்காவியைக் குறைவாகவும் கரைத்தால் இன்று ‘பீச்’ என்கிறோமே அதுவே கிடைக்கும். காவி கூடினால் ரோஸ்; மஞ்சள் கூடினால் சந்தனம். கலவையைச் செய்கிறவருக்குப் பொறுமை வேண்டும். ஈரத்தில் சுவர் செங்கல்லைப் போல் இருண்டு தோன்றும். காய்ந்தபின் பாதியாய் வெளுக்கும். ஈரத்தைப் பார்த்து அஞ்சிச் சுண்ணாம்பைக் கூட்டியவருக்கு மறுநாள் வெறும் வெள்ளைச் சுவரே மிஞ்சும். நிறப்பொடி சுண்ணாம்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் பிடிப்பு குறைந்து உதிரத் தொடங்கும். ஆகவே அடர்ந்த நிறம் இம்முறையில் எளிதன்று. மேலும் சுண்ணாம்பின் காரம் கடுமையானது. இலைச்சாறும் பூச்சாறும் அதில் கலந்தால் விரைவில் வெளுத்துப் போகும்; மண்ணிலிருந்து வந்த நிறங்களே தாக்குப்பிடிக்கும். வெளிறிய காவிநிறம் நம் சுவர்களில் நிலைத்ததற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமல்ல, வேதியியலும் காரணம்.

இத்தகைய சுவர் பழந்தமிழ் வீட்டின் உள்ளே இருந்ததா? கோட்டையும் கோயிலும் பற்றிய செய்திகள் கிடைக்குமளவுக்கு வீட்டின் உட்சுவர் பற்றிய செய்திகள் கிடைப்பதில்லை. மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இல்லாமல் கோயில் குடைந்ததாகக் கல்வெட்டில் பெருமை கொள்கிறான். கட்டடம் என்றால் சுதை இருந்தே தீரும் என்ற வழக்கு அன்று வேரூன்றியிருந்ததால்தான் அதை விலக்கியது பெருமையாயிற்று. ஆனால் அச்சுதையின் நிறம் என்ன என்று கல்வெட்டு பேசாது. அதற்கு இலக்கியத்திடம்தான் போக வேண்டும்.

பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை நமக்கு இதில் கைகொடுக்கிறது. 188 அடிகள் கொண்ட அப்பாட்டில் பெரும்பகுதி குளிரைப் பற்றியது. வாடை வீசுகிறது. மழை நின்றபாடில்லை. விசிறிகள் பயனற்றுத் தொங்குகின்றன. சந்தனம் அரைக்கும் கல்லுக்கு வேலையில்லை. சாளரங்களை அடைத்துவிட்டு மக்கள் நெருப்புச் சட்டியைச் சுற்றி அமர்கிறார்கள். இக்குளிருக்கு நடுவே புலவர் நம்மை அரண்மனையின் உள்ளே, இன்னும் உள்ளே என்று அழைத்துச் சென்று இறுதியில் அரசியின் பள்ளியறையில் நிறுத்துகிறார். அங்கே மூன்று பொருள்களைச் சொல்கிறார்: வெள்ளியைப் போல் விளங்கும் சுதை, நீலமணியைப் போல் கருத்துத் திரண்ட தூண்கள், செம்பினால் செய்தாற்போன்ற நெடுஞ்சுவர். அச்சுவரின்மேல் பல பூக்களோடு கூடிய ஒற்றைக் கொடி வளைந்து ஓடும் ஓவியம்.

செம்பு என்ற உவமையை உறுதிக்காகச் சொன்னதென்று கொள்வாரும் உண்டு. செம்பால் செய்ததுபோல் திண்மையான சுவர் என்பது அவர்கள் உரை. அதைத் தவறென்று தள்ள வேண்டியதில்லை. சங்க உவமை ஒரே வேளையில் இரண்டு வேலை செய்யக்கூடியது. ஆயினும் வெள்ளி, மணி, செம்பு என்று அடுத்தடுத்து மூன்று பொருள்கள் வருவதைக் கவனிக்க வேண்டும். முதலிரண்டும் ஐயமின்றி நிறத்தைச் சுட்டுகின்றன. அவ்வாறிருக்க, மூன்றாவதுமட்டும் நிறத்தை விட்டுவிட்டு வலிமையைப் பேசும் என்பது என் காதுக்கு ஒத்துவரவில்லை. வெண்மை, கருமை, செம்மை என மூன்று நிறங்களால் ஓர் அறை தீட்டப்படுகிறது என்பதே இயல்பான பொருள். தவிர, வெளியே நீரும் வாடையும் நிறைந்திருக்கும் பாட்டில், கணவன் பாசறையில் இருக்கத் தனித்திருக்கும் பெண்ணின் அறைச்சுவர் செம்புநிறமாக இருப்பது தற்செயலென்று என்னால் நினைக்க இயலவில்லை. சாயக்கடைக்காரர்கள் இன்று ‘வெதுவெதுப்பான நிறம்’ என்று விற்பதை நக்கீரர் தம் கதைத்தலைவியின் அறையில் பூசி வைத்திருக்கிறார். அவ்வெதுவெதுப்பு அவளைத் தேற்றவில்லை என்பதும் பாட்டில் உண்டு.

பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு உ.வே.சாமிநாதையர் 1889இல் பதிப்பித்தார். அவர் பின்னாளில் சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு முதல்வராக 1924 முதல் 1927 வரை இருந்தவர். அவ்வாண்டுகளில் நான்கு தேரோடும் வீதிகளிலும் இருந்த வீடுகளின் கூடங்களில் எத்தனை காவிச் சுவர்களைப் பார்த்திருப்பாரோ என்று நெடுநல்வாடை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் எண்ணிக்கொள்வேன்.

அரசியின் அந்த அறையைக் கருப்பையின் பெயர்கொண்ட இல்லம் என்கிறது பாட்டு. கோயிலின் கருவறைக்கும் பெயர் அதுவே. இரண்டும் வெளிச்சம் குறைந்த உள்ளறைகள். இரண்டுமே சுவரில் நிறத்தை வேண்டி நின்றன. அரண்மனைச் சுவர் ஒன்றும் நமக்கு மிஞ்சவில்லை. ஆனால் கருவறையைச் சுற்றிய சுவர் தஞ்சையில் மிஞ்சியிருக்கிறது. பெரிய கோயிலின் இருண்ட உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் கண்டு சொன்னவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வரலாற்று ஆசிரியர் எஸ்.கே.கோவிந்தசாமி. சிதம்பரத்துக்காரர்கள் பெருமைப்பட வேண்டிய இச்செய்தியை நம்மில் பலர் மறந்துவிட்டோம். பின்னர் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ்.பரமசிவன் அச்சுவரின் காரையையும் நிறங்களையும் ஆராய்ந்தார். சுண்ணாம்புக் காரையின்மீது, அது ஈரமாயிருக்கையிலேயே மண்நிறங்களைக் கொண்டு தீட்டியிருக்கிறார்கள் என்று அவர் முடிவு கூறினார். சுண்ணாம்பு வெள்ளை, மஞ்சட்காவி, செங்காவி ஆகியவை அந்நிறங்களுள் முதன்மையானவை. நம் கொல்லைப்புறத்துக் கலவைதான். சிதம்பரத்திலேயே சிவகாமியம்மன் கோயில் முன்மண்டப விதானத்தில் பிட்சாடனரும் மோகினியும் உலவும் நாயக்கர் கால ஓவியங்களை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அந்தக் காவியின் ஆட்சியை விளக்க வேண்டியதில்லை.

பெயருக்கு வருகிறேன். தமிழுக்கு நிறப்பெயர்கள் குறைவு, அதனால்தான் ‘பீச்’ என்கிறோம் என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. தொல்காப்பிய உரியியல் குரு, கெழு என்ற சொற்களுக்கே நிறமென்று பொருள் சொல்லி வைத்திருக்கிறது. சங்கப் பாடல்களில் தலைவியின் மேனிநிறத்தை மாமை என்பார்கள். உரைகள் அதை மாந்தளிரின் நிறம் என்று விளக்கும். குறுந்தொகையில் வெள்ளிவீதியார், தலைவனுக்கும் உதவாமல் தனக்கும் உதவாமல் பசலை உண்டு அழியும் அழகு என்று அந்த மாமையைத்தான் பாடினார். மாமரம் துளிர்விட்டு மூன்றாம் நான்காம் நாளில் அந்த இளந்தளிரை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். செம்பும் தேனும் கலந்து, நுனியில் சற்றே வெளிறி நிற்கும். எந்த வண்ண அட்டையிலும் இதைவிடத் துல்லியமான ‘பீச்’ எனக்குக் கிடைத்ததில்லை. வியப்பென்னவென்றால் இப்பெயர் செத்துப்போகவில்லை. பட்டுச்சேலைக் கடையில் ‘மாந்துளிர் கலர்’ என்று கேட்டால் இன்றும் எடுத்துப் போடுவார்கள். அரக்கு, மயில்கழுத்து, வெங்காயத்தோல் எல்லாம் அங்கே உயிரோடு உலவுகின்றன. சேலைக்கு இருக்கும் மொழி சுவருக்கு இல்லாமல் போயிற்று. சேலையை இன்னும் நாம் தேர்ந்தெடுக்கிறோம். சுவரை அட்டையிலுள்ள எண் தேர்ந்தெடுக்கிறது.

சுவர் தன் மொழியை இழந்த வரலாறு நீண்டது, சுருக்கமாகவே சொல்கிறேன். ஆங்கிலேயர் 1690இல் மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிச் செயிண்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள். 1746 முதல் 1752 வரை அவர்களுடைய தென்னக ஆட்சிக்கே அது தலைநகராயிருந்தது. கடலூரில் 1866இலும் சிதம்பரத்தில் 1873இலும் நகராட்சி வந்தது. சிறை, மருத்துவமனை, பள்ளி என்று அரசுக் கட்டடங்கள் எழுந்தன. காலராவுக்கு அஞ்சிய நூற்றாண்டில் கிருமியைக் கொல்லும் பூச்சாகச் சுண்ணாம்பு மதிப்புப் பெற்றது. வெண்மை சுகாதாரத்தின் நிறமாயிற்று. பொங்கலுக்கு ‘வெள்ளையடிப்பது’ என்ற சொற்றொடரில் மற்ற நிறங்கள் கரைந்தன. அந்த வெள்ளையே கோயில் ஓவியங்களுக்கு எமனுமாயிற்று. திருப்பணி என்ற பெயரில் பழைய ஓவியத்தின்மேல் மட்டையால் சுண்ணாம்பை வாரி அடித்த செயல் தமிழகம் முழுவதும் நடந்தது. சுண்ணாம்பைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிறகு டிஸ்டெம்பர் வந்தது, சிமென்டுச் சாயம் வந்தது, எமல்ஷன் வந்தது. 1980களில் கடலூருக்குத் தெற்கே குடிகாட்டை ஒட்டிச் சிப்காட் வளாகம் உருவானபோது அங்கே ‘வானவில்’ என்ற பெயரிலேயே ஒரு சாயத் தொழிற்சாலை இயங்கியது. எனாமல் பூச்சுக்கு வேண்டிய மூலப்பொருளைச் செய்யும் ஆலையும் அங்கு எழுந்தது. நிறத்தைச் செம்மண் மேட்டிலிருந்து எடுத்த ஊர், நிறத்தை உலையில் சமைத்து வெளியூருக்கு அனுப்பும் ஊராகியது. அதற்கு அப்பகுதிக் கிராமங்களின் காற்றும் கிணறும் கொடுத்த விலை தனிக் கட்டுரைக்குரியது.

இன்றைய எமல்ஷன் சாயத்திலும் ‘பீச்’ நிறத்தைத் தருவது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடே. கடையிலுள்ள கலவை இயந்திரம் வெள்ளை அடிப்பூச்சுக்குள் மஞ்சள் ஆக்சைடையும் சிவப்பு ஆக்சைடையும் சொட்டுச் சொட்டாக இறக்குகிறது. சுண்ணாம்பின் இடத்தில் டைட்டானியம் வெள்ளை. செம்மண்ணின் இடத்தில் தொழிற்சாலைத் துரு. சிதம்பரத்தில் வீடுகளுக்கு வண்ணம் பூசி ஓய்ந்த பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “அண்ணே, இந்தப் பீச் கலருக்கு உங்க காலத்துல என்ன பேரு?” என்றேன். “பேரெல்லாம் ஏது சார்? காவி கொஞ்சம், மஞ்ச கொஞ்சம்னு சொல்லுவாங்க. வூட்டுக்காரம்மா வந்து பாத்து, போதும்பாங்க” என்றார். பெயரில்லாமலே இயங்கிய அந்த முறையில் நிறத்தைத் தீர்மானித்தது வீட்டுப் பெண்ணின் கண்தான்.

நிறம் ஒன்றே என்றாலும் பூச்சு ஒன்றல்ல. கடற்கரை ஊரின் செங்கற்சுவரில் உப்பும் ஈரமும் எப்போதும் ஊறியிருக்கும். சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் கொண்டது. ஈரம் அதன்வழியே வெளியேறிவிடும். எமல்ஷன் ஒரு மெல்லிய படலமாகச் சுவரை மூடுகிறது. உள்ளேயிருக்கும் ஈரம் வழிகாணாமல் படலத்தைத் தள்ளும். தரையிலிருந்து ஓரிரண்டு அடி உயரத்துக்குக் கொப்புளம் எழும்பி உப்புப் பூத்து உரிந்து விழும். சிமென்டில் கட்டிய புதுவீட்டில் இத்தொல்லை குறைவு. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீட்டின்மேல் எமல்ஷன் பூசுகிறவர்களே ஏமாறுகிறார்கள். சுவரின் குறை என்று எண்ணி வீட்டையே இடித்தவர்களை அறிவேன். சுண்ணாம்புக்கும் குறையுண்டு. சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். அடிக்கிறவரின் கையைப் புண்ணாக்கும். அந்தக் கை எந்தத் தெருவிலிருந்து வந்தது, அத்தெருவின் மண்சுவருக்கு என்ன நிறம் இருந்தது என்ற கேள்விகள் உண்டு. சாணமும் செம்மண்ணும் மெழுகிய குடிசைச் சுவர் அழகியல் கட்டுரைகளில் வரும் மாடவீட்டுச் சுவரன்று. 2011 டிசம்பர் 30இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் அவ்வகைக் குடிசைகளைப் பெருமளவில் சாய்த்தது. அதன்பின் அரசுத் திட்டத்தில் எழுந்த கான்கிரீட் வீடுகளில் முதன்முறையாகத் தம் சுவருக்குத் தாமே நிறம் தேர்ந்த குடும்பங்கள் பல. அவர்கள் ‘பீச்’ என்று கேட்டு வாங்கினால் அதைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

ஒன்றை மட்டும் அவர்களும் மற்றவர்களும் கவனிக்கலாம். இந்நிறம் ஒளிக்குக் கட்டுப்பட்டது. பழைய வீட்டில் முற்றத்து வெயில் தாழ்வாரத்தில் பட்டுத் திரும்பிக் கூடத்துச் சுவரில் விழும். இரவில் மாடப்பிறையின் அகல்விளக்கு. இரண்டும் காவிச் சுவரை எழுப்பிக் காட்டுவன. குண்டுபல்பும் ஏறத்தாழ 2700 கெல்வின் மஞ்சளொளிதான். அதற்கும் இந்நிறம் பொருந்திற்று. இன்று வீடுதோறும் எரியும் 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. நீலம் மிகுந்தது. அதன்கீழ் மாந்தளிர் வண்ணம் சோகை பிடித்துச் சாம்பல் பூத்துத் தெரியும். கடையில் பகலொளியில் அட்டையைப் பார்த்து வாங்கிவந்து, இரவில் வீட்டில் பார்த்துவிட்டு, நிறம் மாற்றித் தந்துவிட்டார்கள் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. சாயத்தை மாற்றுவதற்கு முன் விளக்கை மாற்றிப் பார்க்கலாம். செலவு சில நூறு ரூபாய்க்குள் அடங்கும்.